மனிதப் பாலியல் பாடம்: ஒன்பது ஆண்டுகள் கழித்து நிரப்பும் கருத்துப் படிவம்

பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தபோது, கால அட்டவணையில் பொருந்தி வந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனிதப் பாலியல் என்னும் விருப்பப் பாடத்தை எடுத்தேன். ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன்பின் இரண்டு பருவங்கள் அதே பாடத்துக்கு உதவியாளனாக இருந்தேன். மாணவர்கள் பெயர் குறிப்பிடாமல் எழுதிப் போடும் கேள்விப் பெட்டியைத் திறப்பதும், பருவ இறுதியில் அவர்கள் நிரப்பித் தரும் கருத்துப் படிவங்களைத் தொகுப்பதும் என் வேலை. இப்பாடத்தைப் பற்றிப் பேசும் பலர் அதை முடித்த மறுவாரமே பேசுகிறார்கள். நான் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பாடத்தை இருவர் பகிர்ந்து நடத்தினர். முதல் பாதி உடலியங்கியல் பேராசிரியை. இரண்டாம் பாதி உளவியல் ஆசிரியர். பேராசிரியையின் குரல் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. உளவியல் ஆசிரியர் வகுப்பைச் சிரிக்க வைப்பதில் வல்லவர். படிவங்களில் மதிப்பெண் எப்படி விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேராசிரியையின் வகுப்பு வறட்சியாக இருப்பதாகவும், பாலியல் பாடம் என்று வந்தால் சிறுநீரகப் பாடம்போல் நடத்துகிறார் என்றும் எழுதியவர்கள் இரு பருவங்களிலும் இருந்தார்கள். நானும் என் மாணவப் பருவத்தில் ஏறத்தாழ அதையே எழுதினேன். இப்போது அதைத் திருத்த விரும்புகிறேன்.

அவர் முதல் வாரத்தில் செய்தது சொற்களைப் பழக்கியதுதான். உடலுறுப்புகளின் பெயர்களையும் செயல்களின் பெயர்களையும் பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லும்வரை மேலே போகவில்லை. தமிழ் இலக்கணம் இடக்கரடக்கல் என்று ஒரு வழக்கை வகுத்து வைத்திருக்கிறது. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. அது நாகரிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மறைத்துச் சொல்லியே பழகியவர்களிடம் இறுதியில் இரண்டு வகைச் சொற்களே எஞ்சுகின்றன: மருத்துவர் சொல்லும் சொல், சண்டையில் வீசும் சொல். நடுவே, தன் உடலைப் பற்றித் தானே நிதானமாகப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. பேராசிரியை அந்த நடுவிடத்தைத் தன் தட்டையான குரலால் நிரப்பினார். முதல் நாள் பின்வரிசையில் எழுந்த சிரிப்பு மூன்றாம் வகுப்பில் இல்லை. அவர் யாரையும் கண்டிக்கவில்லை. சிரிப்பதற்கு எதுவும் கிடைக்காதபடி பேசினார், அவ்வளவே. என் மகள் நான்கு வயதில் தன் உடலைப் பற்றிக் கேட்டபோது நான் தடுமாறாமல் பெயர் சொல்ல முடிந்ததற்கு அந்த வாரமே காரணம்.

உடற்கூறு, ஹார்மோன், மாதவிடாய்ச் சுழற்சி ஆகியவற்றுக்கு அவர் ஒதுக்கிய நேரம் மிகை என்ற குறையை நானும் ஏற்கிறேன். ஆயினும், அறிவு எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை அவர் காட்டிய விதம் மறக்கவில்லை. பெண்ணுறுப்பில் இன்ப உணர்வு மிகுந்த பகுதியான கிளிட்டோரிஸின் வெளியே தெரியும் பகுதி மிகச் சிறியது என்பதும், பெரும்பகுதி உள்ளே பரந்திருக்கிறது என்பதும் பல பாடநூல்களில் இடம்பெறாமலே இருந்தன; ஹெலன் ஓகானெல் என்ற அறுவை மருத்துவர் 1998-இல் தம் உடற்கூறு ஆய்வை வெளியிட்ட பிறகே அது பரவலாகக் கவனம் பெற்றது. பாலியல் ஆய்வாளர்களான வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1966-இல் முன்வைத்த, பாலுறவின்போது உடல் கடந்து போகும் கிளர்ச்சி, நீடிப்பு, உச்சம், தணிவு என்ற நான்கு கட்ட முறையைக் கற்பித்தபோதும் அப்படித்தான். 382 பெண்களையும் 312 ஆண்களையும் ஆய்வகத்தில் கவனித்து உருவாக்கியது அது என்று சொல்லிவிட்டு, ஆய்வகத்தில் பிறர் பார்வைக்கு முன் அதற்கு உடன்படக்கூடியவர்கள் யார் என்று எங்களைக் கேட்டார். உச்சத்தை எளிதில் அடையக்கூடியவர்களையே தேர்ந்தெடுத்துவிட்டு, எல்லோருக்கும் அதுதான் இயல்பான வரிசை என்று சொல்லலாமா என்றும் கேட்டார். பிறகு ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர் 2000-இல் வரைந்த வட்ட வடிவ முறைக்கு வந்தார். விருப்பம் முதலில் வந்து கிளர்ச்சி பின்னால் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. நெருக்கம் தொடங்கிய பின் விருப்பம் எழுவதும் இயல்பே என்பது அதன் சாரம். எனக்குத் தெரிந்த இரு தம்பதியர் தங்களிடம் ஏதோ கோளாறு என்று ஆண்டுக்கணக்கில் எண்ணியிருந்ததை இந்த ஒரு செய்தி மாற்றியது. தேர்விலோ அந்த நான்கு கட்டங்களை வரிசைப்படுத்தச் சொல்லி ஒரு மதிப்பெண் வினா மட்டுமே வந்தது. தேர்வைப் பற்றி மாணவர்கள் எழுதிய வசவுகள் எல்லாம் நியாயமானவை.

இப்பாடத்தின் மிகச் செழிப்பான பகுதி, என் துறைச் சார்பைக் கழித்துப் பார்த்தாலும், எண்கள் பற்றியதுதான். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் குளவிகளை ஆராய்ந்துகொண்டிருந்த விலங்கியலாளர் ஆல்ஃபிரட் கின்ஸி, 1938-இல் திருமணம் பற்றிய ஒரு பாடத்தை நடத்தத் தொடங்கினார். மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நம்பத்தகுந்த தரவு இல்லை என்று கண்டு, தாமே நேர்காணல்களைத் தொடங்கினார். ஒரு பாடத்தின் கேள்விப் பெட்டியிலிருந்து ஒரு துறையே கிளைத்தது என்று சொன்னால் மிகையில்லை. 1948-இல் சுமார் 5,300 ஆண்களையும், 1953-இல் 5,940 பெண்களையும் அடிப்படையாகக் கொண்ட அவருடைய அறிக்கைகள் வந்தன. அவர்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள் அல்லர். தாமாக முன்வந்தவர்களும் சிறையில் இருந்தவர்களும் அதில் கணிசமாக இருந்தனர். காக்ரன், மாஸ்டெல்லர், டூக்கி ஆகிய மூன்று புள்ளியியலாளர்கள் 1954-இல் இந்த மாதிரித் தேர்வை விரிவாக ஆய்ந்து விமரிசித்தார்கள். ஆண்களில் 10 விழுக்காட்டினர், 16 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் குறைந்தது மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் தன்பாலினருடனேயே உறவு கொண்டிருந்தனர் என்று கின்ஸி எழுதியது, மக்களில் பத்தில் ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்று எப்படித் திரிந்து பரவியது என்பதை ஒரு முழு வகுப்பில் பிரித்துப் பார்த்தோம்.

அதற்கு அடுத்த வகுப்பில் கொடுத்த பயிற்சி இன்னும் எளியது. ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் உள்ள ஒரு மூடிய கூட்டத்தில், எதிர்பாலின உறவுத் துணைகளின் சராசரி எண்ணிக்கை இரு தரப்புக்கும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒவ்வோர் உறவும் இரு பக்கத்திலும் ஒன்றைக் கூட்டுகிறது அல்லவா? ஆனால் கணக்கெடுப்புகளில் ஆண்கள் சொல்லும் எண் தொடர்ந்து கூடுதலாகவே வருகிறது. கணக்கெடுப்பில் சிக்காதவர்கள், குத்துமதிப்பாக எண்ணுபவர்கள் என்று வேறு விளக்கங்களும் உண்டு. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பொய் கண்டறியும் கருவியோடு தாங்கள் இணைக்கப்பட்டிருப்பதாக நம்பிய மாணவிகள் சொன்ன எண், தங்கள் விடையைப் பிறர் பார்க்கக்கூடும் என்று எண்ணிய மாணவிகள் சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தது; ஆண், பெண் இடைவெளியும் ஏறத்தாழ மறைந்தது. கருவி இயங்கவே இல்லை என்பது வேறு செய்தி. உறவைப் பற்றி ஒருவர் சொல்லும் எண், யார் கேட்கிறார்கள் என்பதையும் பொறுத்தது என்று அன்று புரிந்தது. எதிர்பார்த்து வந்தது ஒன்று, கிடைத்தது புள்ளிவிவரம் என்று படிவத்தில் புலம்பியவர்கள் அதிகம் பேர் இந்த வகுப்புகளையே சுட்டினார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை.

கருத்தடை வகுப்பின் பயன் எனக்கு நேரடியானது. ஆணுறையைச் சரியாக, ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினால் ஓராண்டில் 100 பேரில் சுமார் 2 பேர் கருவுறுவர். நடைமுறையில் மனிதர்கள் பயன்படுத்துகிற விதத்தில் அது சுமார் 13. மாத்திரைக்கு இந்த இணை 0.3, 7. இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பது மறதி, அவசரம், கூச்சம். முதல் குழந்தைக்குப் பின் நானும் என் மனைவியும் ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தபோது, எது சிறந்தது என்று கேட்பதை விட்டு, எங்கள் இருவரின் மறதிக்கு எது தாங்கும் என்று கேட்டுக்கொண்டோம்.

உளவியல் ஆசிரியருக்கு வருகிறேன். அவரிடம் நான் நன்றியோடு நினைப்பதும் உண்டு. ஜாக் ஆனன் என்ற உளவியலாளர் 1976-இல் வகுத்த நான்கு படி ஆலோசனை முறையை அவர்தான் கற்பித்தார்: பேச அனுமதி தருதல், அளவான தகவல், குறிப்பான ஆலோசனை, தேவைப்பட்டால் மட்டும் தீவிரச் சிகிச்சை. பலருடைய சிக்கல் முதல் இரண்டு படிகளிலேயே தீர்ந்துவிடும் என்று அவர் சொன்னதை அன்று குறித்துக்கூட வைக்கவில்லை. சில ஆண்டுகள் முன் ஒரு மூத்த உறவினருக்குப் புரோஸ்டேட் அறுவை நடந்தது. சிறுநீர்க் கட்டுப்பாட்டைப் பற்றி எல்லோரும் விசாரித்தார்கள். மற்றதை மருத்துவரும் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு மாலை, இந்த அறுவைக்குப் பின் விறைப்பில் சிரமம் ஏற்படுவது பலருக்கும் நேர்வது, நரம்புகள் மீள ஒன்றிரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம், மருத்துவரிடம் கேட்கத் தக்க விஷயம்தான் என்று மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசினார். எனக்கு அதற்குமேல் சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அதே ஆசிரியர் ஒரு நாள் கேள்விப் பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, சுய இன்பமும் குற்றவுணர்வும் பற்றிய கேள்வி அது, வாசித்துவிட்டு, இந்தக் கையெழுத்தை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று வேடிக்கையாகச் சொன்னார். வகுப்பு சிரித்தது. நான் அப்போது உதவியாளன்; நானும் புன்னகைத்தேன் என்பதை மறைக்க முடியாது. அதுவரை வாரத்துக்கு இருபது சீட்டுகள் விழுந்த பெட்டியில் மறுவாரம் மூன்று விழுந்தன. மூன்றும் தேர்வைப் பற்றியவை. அவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கூச்சத்தைக் கலைப்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி சிரிப்பு. சிரிப்பு கூட்டத்தின் கூச்சத்தைக் கலைக்கும், தனியொருவரின் கூச்சத்தை இரட்டிப்பாக்கும். அதன்பின் சீட்டுகளை நான் தட்டச்சு செய்து கொடுப்பதென்று பேராசிரியை ஏற்பாடு செய்தார். பருவம் முடியும்வரை பழைய எண்ணிக்கை திரும்பவில்லை.

அந்தப் பருவத்தின் படிவங்களில் இச்சம்பவத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதே என்னை வெகுநாள் உறுத்தியது. உளவியல் ஆசிரியரின் சராசரி வழக்கம்போல் உயர்ந்தே இருந்தது. படிவம் கடைசி வகுப்பில் அமர்ந்திருப்பவர்களுக்கு மட்டும் தரப்படுவது. பாதியில் விலகிய எழுவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களில் ஒருவர், பாலியல் வன்முறை பற்றிய காணொளி முன்னறிவிப்பின்றி ஓடத் தொடங்கியபோது எழுந்து போய், திரும்பி வராதவர். கின்ஸியின் மாதிரியில் குறை கண்ட வகுப்பு, தன் படிவத்தில் அதே குறையைக் காணவில்லை.

படிவங்களில் நான் கண்ட தீவிரமான குறைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். தன்பாலீர்ப்பும் பாலின அடையாளமும் பத்தாம் வாரத்தில் தனியே ஒதுக்கப்பட்டு, மற்ற வாரங்கள் எல்லாம் ஆண், பெண் இணையைப் பற்றியே பேசின. தாங்கள் ஒரு வாரத்து விருந்தாளிகளா என்று ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலும் உலக சுகாதார நிறுவனம் 1990-இலும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிய வரலாற்றை நன்றாக நடத்திவிட்டு, பாட அமைப்பில் அதை மறுபடி பட்டியலாக்கினால் எப்படி? இன்னொன்று, இசைவு பற்றிய பாடம் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம், அதுவும் வரையறைகளாக. வேண்டாம் என்று சொல்வதும், அதைக் கேட்டுக்கொள்வதும், மனம் மாறுவதும் முதல் வாரத்துச் சொற்பயிற்சியோடு சேர்ந்து வந்திருக்க வேண்டியவை. முதுமையும் உடற்குறைபாடும் உள்ளவர்களின் பாலியல் பாடத்திட்டத்திலேயே இல்லை. சமய நம்பிக்கையுள்ள சில மாணவர்கள் தங்கள் கருத்து ஏளனம் செய்யப்படவில்லை என்று பேராசிரியையைக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார்கள். மற்றவரைப் பற்றி அப்படி எழுதவில்லை.

பாடத்தில் சில பகுதிகள் காலாவதியாகிவிட்டன. சிகிச்சையால் எச்ஐவி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்து அப்படியே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக அது தொற்றாது என்பது எங்கள் குறிப்புகளில் இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் ஒருவர் உணரும் பாலினமும் ஒத்துப்போகாத நிலையான பாலின முரண்பாட்டை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துப் பாலியல் நலப் பிரிவில் வைத்தது. நாங்கள் படித்தது பழைய வகைப்பாடு. இது பாடத்தின் குற்றமில்லை, ஆனால் பழைய குறிப்பேட்டை நம்பி யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

என் திருத்திய மதிப்பெண்: ஐந்துக்குப் பேராசிரியைக்கு ஐந்து, முன்பு கொடுத்தது மூன்று. உளவியல் ஆசிரியருக்கு மூன்று, முன்பு கொடுத்தது ஐந்து. பாடத்துக்கு நான்கு. வறட்சி என்று அன்று எழுதிய கட்டத்தில் இன்று என்ன எழுதுவது என்று யோசித்தேன். தட்டையான குரல் என்றே எழுதுவேன், ஆனால் பாராட்டுப் பகுதியில்.