புதுப் பெயிண்டுக்கு அடியில் காணாமல் போன வோல்ட்

அறுபதுகளில் வந்த நாலு சிலிண்டர் செடான் ஒன்றை போல்ட் போல்ட்டாகக் கழற்றிப் புதுப்பித்து, சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எதுவும் பெரிதாகப் படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் சார்ஜிங்தான். முதலில் டைனமோவோடு மல்லுக்கட்டினேன், அப்புறம் ஆல்டர்னேட்டரோடு. இரண்டும் எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் எழுப்பி பேட்டரியை நிரப்புபவை, டைனமோ பழைய வகை. அதனால் இந்தப் பகிர்வில் கார் பாதி, மல்டிமீட்டர் பாதி.

டைனமோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். காரோடு வந்தது லூகாஸ் சி40. அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றினால்தான். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. செலவைக் கூட்டிப் பாருங்கள். 55 வாட் ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியர். பின்விளக்கு, மீட்டர் விளக்குகளுக்கு 2, இக்னிஷனுக்கு 3 முதல் 4, வைப்பருக்கு 3, ஹீட்டர் ஃபேனுக்கு 4 அல்லது 5. மழை பெய்யும் இரவில் வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போகும். சிக்னலில் நின்றால் பேட்டரியிடம் கடன்தான். ஆகவே ஐடிலில் விளக்கு மங்குவதும், டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு லேசாக மினுக்குவதும் டைனமோ வண்டியில் கோளாறே இல்லை. அதன் குணமே அப்படி. இது தெரியாமல் நல்ல டைனமோவைக் கழற்றித் தூரப் போட்டவர்கள் நிறையப் பேர்.

டைனமோ நன்றாக இருக்கிறதா என்று அறிய ஒரு பழைய சோதனை உண்டு. இன்றும் அதற்கு நிகரில்லை. டைனமோவில் மின்சாரம் வெளிவரும் பெரிய டெர்மினல் டி, சின்னது எஃப். இரண்டிலும் உள்ள வயர்களைக் கழற்றிவிட்டு, இரு டெர்மினல்களையும் ஒரு துண்டு வயரால் இணைக்க வேண்டும். அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையில் வோல்ட்மீட்டரை வைத்து, ஐடிலிலிருந்து மெல்ல ஆக்சிலரேட்டரைக் கூட்ட வேண்டும். முள் தயங்காமல் ஏறினால் டைனமோ நலம். ஏறவே இல்லையென்றால் பிரஷ் பக்கம் பார்க்கலாம். அரை வோல்ட், ஒரு வோல்ட்டில் நின்றால் காந்தம் உண்டாக்கும் ஃபீல்டு சுருள். நாலைந்து வோல்ட்டில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சர். டைனமோ 1000 ஆர்பிஎம் சுற்றினாலே போதும். 20 வோல்ட்டைத் தொட விடக்கூடாது. கட்டுப்படுத்த ரெகுலேட்டர் இல்லாமல் ஓடுகிற நேரம் அது, எஞ்சினைக் கத்தவிட்டால் சுருள் கருகும். இந்த ஒரு வேலைக்கு டிஜிட்டலைவிட முள் வைத்த மீட்டர்தான் வசதி. இலக்கங்கள் குதிப்பதைப் பார்த்து ஒன்றும் புரியாது.

சுருள் கட்டி, பேரிங் மாற்றி வந்த டைனமோ, பூட்டிய அன்று துளிகூட சார்ஜ் செய்யவில்லை. காரணம், உள்ளே எஞ்சியிருக்க வேண்டிய காந்தம் சரியாக இல்லாததுதான். அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் கார்களைப் போல இதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். டைனமோ எந்த எர்த்துக்குப் பழகியிருக்கிறதோ அதற்கேற்பத்தான் மின்சாரம் எழுப்பும். எஃப் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து எஃப் டெர்மினலில் ஓரிரு முறை தொட்டு எடுத்தால் சரியாகிவிடும். சின்னப் பொறி பறக்கும், அவ்வளவுதான்.

பகலில் மட்டும் ஓட்டுவதென்றால் அதோடு நின்றிருப்பேன். இரவுப் பயணம் கூடியதால் உள்ளேயே ரெகுலேட்டர் கொண்ட 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு மாறினேன். நெகட்டிவ் எர்த்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது. இக்னிஷன் காயிலின் வயர்களை இடம் மாற்றினேன். பழைய ரெகுலேட்டர் பெட்டியை மின்சுற்றிலிருந்து விலக்கினேன். டாஷ்போர்டில் இருந்த 30 ஆம்பியர் ஆம்மீட்டரையும் எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் வைத்தேன். கடைசியாகச் சொன்னதைப் பலர் அழகுக்காக விட்டுவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் எடுப்பது தவிர, பேட்டரிக்குப் போகிற, வருகிற மின்னோட்டமெல்லாம் அந்தச் சின்ன மீட்டர் வழியாகப் போகிறது. 45 ஆம்பியர் தரக்கூடிய ஒன்றை அதன் பின்னால் கட்டுவது தீப்பிடிக்க வழி செய்து கொடுப்பதற்குச் சமம்.

புது ஆல்டர்னேட்டர், புது வயரிங், புது பேட்டரி. அப்படியும் இரவில் ஓட்டிவிட்டு நிறுத்தினால் மறுநாள் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சாதாரணமாக 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டால் எனக்கு வந்தது 13.1. ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம் என்றார்கள் விற்ற கடையில். கழற்றுவதற்கு முன்னால் மீட்டரை ஆல்டர்னேட்டரின் தடித்த டெர்மினலுக்கும் அதன் உடலுக்கும் இடையில் வைத்தேன். 14.4 காட்டியது. ஆக, தயாரிப்பில் குறையில்லை. பேட்டரிக்கு வந்து சேர்வதற்குள் 1.3 வோல்ட் எங்கோ தொலைகிறது.

எங்கே என்று பிடிக்க வோல்டேஜ் டிராப் சோதனைதான் ஒரே வழி. எஞ்சின் ஓட வேண்டும், விளக்குகள் எரிய வேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும். ஒரு முனையை ஆல்டர்னேட்டர் டெர்மினலில், மறுமுனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்தால் 0.4. டைனமோ காலத்து அளவிலேயே ஹார்னஸை (வயர்க் கட்டை) கட்டித் தந்திருந்தார்கள், வயர் ஒல்லி. அடுத்து ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு: 0.9! ஒவ்வொரு பக்கமும் 0.2க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

புதுப்பித்த வண்டிகளுக்கென்றே உள்ள வியாதி இது. துருப்பிடித்த பழைய வண்டியில்கூட எர்த் ஓரளவு கிடைத்துவிடும். நாம் பார்த்துப் பார்த்துப் பூசிய பெயிண்டும் பவுடர் கோட்டிங்கும் நல்ல இன்சுலேட்டர்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதைச் சேர்ப்பது ஒரே ஒரு பின்னல் பட்டை. என் காரில் அந்தப் பட்டை பளபளக்கும் பெயிண்டுக்கு மேல் முறுக்கப்பட்டிருந்தது. போல்ட்டின் மரைகள் வழியாக ஏதோ கொஞ்சம் மின்சாரம் கசிந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டிலும் அதே கதை. சுரண்ட மனசு வராதுதான். வயர் முனையின் லக் உட்காரும் அளவுக்கு மட்டும் இரும்பு தெரியச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினேன். பாசிட்டிவ் பக்கம் தடித்த வயர் ஒன்றை ஃபியூஸோடு தனியாக இழுத்தேன். இப்போது முழுச் சுமையிலும் பேட்டரியில் 14.1 நிற்கிறது. விளக்கு வெளிச்சத்திலேயே வித்தியாசம் தெரிகிறது.

அப்புறம் சிவப்பு விளக்கு. மீட்டர் விளக்குகளை எல்இடிக்கு மாற்றியபோது சார்ஜிங் விளக்கும் சேர்ந்து மாறிவிட்டது. அன்றிலிருந்து ஸ்டார்ட் செய்து ஒரு முறை ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினால்தான் சார்ஜ் ஏறத் தொடங்கியது. அந்த 2.2 வாட் பல்பு வெறும் எச்சரிக்கைக்கு மட்டும் இல்லை. அதன் வழியாகப் போகும் சுமார் 0.18 ஆம்பியர்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டருக்கு முதல் காந்தத்தைத் தருகிறது. எல்இடி அவ்வளவு விடாது. பழைய பல்பையே திரும்பப் போடலாம், அல்லது எல்இடிக்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைக்கலாம். இரண்டும் வேலை செய்யும். நான் பல்புக்கே திரும்பிவிட்டேன்.

நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்கினால் அது வேறு விசாரணை. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் இடையில் ஆம்மீட்டர். 50 மில்லிஆம்பியர் கசிந்தாலே நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. மாதம் முழுக்க நின்றால் 36. சின்ன பேட்டரி அதில் தீர்ந்துவிடும். கணினி எதுவும் இல்லாத இந்த வண்டியில் கடிகாரத்தைத் தவிர எதுவும் மின்சாரம் எடுக்கக் கூடாது. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டரை மட்டும் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் ஏசியை டிசியாக்கும் டயோடு போய்விட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசிக்கு மாற்றி பேட்டரியில் வைத்து, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் அதே சந்தேகம்தான்.

டைனமோ காலத்துப் பழக்கம் ஒன்றைக் கட்டாயம் விட வேண்டும். ஓடும் எஞ்சினில் பேட்டரி கேபிளைக் கழற்றி ‘அணைகிறதா பார்’ என்று சோதிப்பார்களே, அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அந்த நொடி எழும் வோல்டேஜ் டயோடையும் ரெகுலேட்டரையும் சேர்த்து எரித்துவிடக்கூடும்.

மாறியது லாபமா என்றால், இரவில் ஓட்டுபவருக்கு ஆம். காலையில் எடுத்து மதியம் திரும்பி நிறுத்துபவருக்கு நல்ல டைனமோவும் சுத்தமான எர்த்தும் போதும், கழற்ற வேண்டியதில்லை. என்னுடைய சி40 எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறது. கண்காட்சிக்குப் போவதாக இருந்தால் மட்டும் மறுபடி பூட்டுவேன். அப்போது எர்த்தை மாற்றாமல் டைனமோவை நெகட்டிவுக்குப் பழக்கிக்கொள்வதாக உத்தேசம்.