அசியோமா டுவோ பெடல்கள்: ஸ்மார்ட் பைக்கின் வாட் கணக்கைச் சரிபார்க்க ஒரு தராசு

இத்தாலியின் ஃபவேரோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2017-இல் அறிமுகப்படுத்திய அசியோமா டுவோ பவர் மீட்டர் பெடல்களை, அதாவது நாம் மிதிக்கும் ஆற்றலை வாட்டில் அளக்கும் சைக்கிள் பெடல்களை, இரண்டரை ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாரத்தில் நான்கு நாட்கள் வேளச்சேரி வீட்டின் ஓர் அறையில் நிற்கும் ஸ்மார்ட் பைக்கிலும் (நின்ற இடத்திலேயே மிதித்துப் பயிற்சி செய்யும் சைக்கிள்), ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டும் ரோடு பைக்கிலும் இதே இரண்டு பெடல்களைத்தான் மாற்றி மாற்றிப் பொருத்துகிறேன். ஸ்மார்ட் பைக்கே வாட் கணக்கைக் காட்டும்போது தனியாக ஒரு பவர் மீட்டர் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலாகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பெடலின் அச்சில் ஒட்டப்பட்டுள்ள நுண்ணிய திரிபு உணரிகள், நாம் மிதிக்கும்போது அச்சு மிகச் சிறிதளவு வளைவதை விசையாக அளக்கின்றன. உடனிருக்கும் கைரோஸ்கோப் என்னும் சுழற்சி உணரி, பெடலைத் தாங்கும் கையான கிராங்கு சுழலும் வேகத்தை ஒரு சுற்றுக்குள்ளேயே தொடர்ந்து கவனிக்கிறது. விசையைக் கிராங்கின் நீளத்தால் பெருக்கினால் திருப்புவிசை கிடைக்கும். அதைக் கோண வேகத்தால் பெருக்கினால் வாட் கிடைக்கும். நிமிடத்துக்கு 90 சுற்று வேகத்தில் 200 வாட் தருபவரின் சராசரித் திருப்புவிசை ஏறத்தாழ 21 நியூட்டன் மீட்டர் என்றால், இந்த உணரிகள் எவ்வளவு சிறிய மாற்றங்களைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது புரியும். பிழை ஒரு சதவீதத்துக்குள் இருக்கும் என்று நிறுவனம் உறுதி கூறுகிறது.

இந்தக் கணக்கில் கிராங்கின் நீளத்தை நாம்தான் செயலியில் உள்ளிட வேண்டும். என் ஸ்மார்ட் பைக்கின் கிராங்கில் வெவ்வேறு நீளங்களுக்கான துளைகள் உள்ளன. நான் 170 மில்லிமீட்டர் துளையையும் என் மனைவி 165 மில்லிமீட்டர் துளையையும் பயன்படுத்துகிறோம். துளையை மாற்றிவிட்டுச் செயலியில் எண்ணை மாற்ற மறந்தால், வேறெந்தக் கோளாறும் இல்லாமலே மூன்று சதவீதப் பிழை வந்துவிடும். வாட் எண் திடீரென்று மாறியதாகத் தோன்றினால், கருவியைக் குறை சொல்லும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தப் பெடல்களின் உண்மையான பயன் எனக்குப் புரிந்தது, வாங்கிய ஆறாவது மாதத்தில். இரண்டு கருவிகளும் ஒரே பயிற்சியைத் தனித்தனியே பதிவு செய்யும்படி விட்டு, இருபது நிமிடச் சராசரிகளை ஒப்பிட்டேன். பெடல்கள் 198 வாட் என்றன. ஸ்மார்ட் பைக் 214 என்றது. பைக்கின் நிறுவனத்தை இங்கே நான் குறிப்பிடப் போவதில்லை, ஏனெனில் இத்தகைய வேறுபாடு உராய்வைக் கணக்கிட்டு வாட் சொல்லும் எந்தக் கருவியிலும் வரக்கூடியது. எனக்கு வியப்பளித்தது வேறுபாட்டின் திசைதான். நாம் தரும் ஆற்றல் பெடலில் நுழைந்து, பெல்ட்டையும் பேரிங்குகளையும் கடந்து, சிறிது இழப்புக்குப் பிறகே பின்னாலுள்ள சக்கரத்தை அடைகிறது. ஆகவே பெடல்களின் எண் ஓரிரு சதவீதம் கூடுதலாக இருப்பதே இயல்பு. பின்னால் அளக்கும் கருவி முன்னால் அளப்பதைவிட அதிகம் காட்டினால், இரண்டில் ஒன்று நிச்சயமாகத் தவறு.

எது தவறு என்று முடிவு செய்ய மூன்றாவது சாட்சி தேவைப்பட்டது. கிராங்கின் நடுப்பகுதியில் பவர் மீட்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் பைக்கில் என் பெடல்களைப் பொருத்தி, ஒரு மணி நேரம் ஓட்டினோம். இரண்டு மீட்டர்களின் சராசரிகளும் இரண்டு வாட் வித்தியாசத்துக்குள் நின்றன. அத்தகைய நண்பர் இல்லாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு: திருப்புவிசையைக் காட்டும் மீட்டராக இருந்தால், கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, எடை உறுதிசெய்யப்பட்ட 20 கிலோ இரும்புத் தட்டைப் பெடல் அச்சில் தொங்கவிட வேண்டும். 170 மில்லிமீட்டர் கிராங்கில் 33 நியூட்டன் மீட்டரை ஒட்டிய எண் வர வேண்டும்.

குற்றம் ஸ்மார்ட் பைக்கின் பக்கம் என்று உறுதியான பிறகு காரணத்தைத் தேடினேன். என் பைக்கில் ஸ்பின்டவுன் என்னும் அளவுத்திருத்தச் சோதனை உண்டு. குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் மிதிப்பதை நிறுத்தினால், சக்கரம் தானாக வேகம் குறைய எடுக்கும் நேரத்தைக் கொண்டு உள்ளிருக்கும் உராய்வைக் கருவி மதிப்பிடும். பைக்கை இயக்கியவுடன், ஏசி போட்டுக் குளிர்ந்திருந்த அறையில், நான் இந்தச் சோதனையைச் செய்து வந்திருக்கிறேன். குளிர்ந்த பெல்ட்டும் பேரிங்குகளும் சக்கரத்தைச் சீக்கிரம் நிறுத்திவிட, உராய்வு அதிகம் என்று கருவி குறித்துக்கொண்டு, பயிற்சி முழுவதும் அந்தக் கூடுதல் உராய்வை என் வாட் எண்ணோடு சேர்த்தே காட்டியிருக்கிறது. கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு சோதனையைச் செய்ததும், பெடல்கள் 199 என்றபோது பைக் 195 என்றது. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை இந்த ஒப்பீட்டைத் தவறாமல் செய்கிறேன். டாக்ஸ் நிறுவனத்தின் நியோ என்ற பயிற்சிக் கருவி வரிசை போல, அளவுத்திருத்தமே வேண்டாம் என்ற வடிவமைப்பில் வரும் கருவிகளும் உண்டு; அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் ஒப்பீடு பயன்படும், ஸ்பின்டவுன் மட்டும் பொருந்தாது.

ஒப்பிடும்போது நொடிக்கு நொடி எண்களைப் பார்ப்பது வீண் வேலை. குறித்த வாட்டைத் தானே பிடித்து நிறுத்தும் எர்க் முறையில் பல ஸ்மார்ட் பைக்குகள் எண்களைச் சமனாக்கிக் காட்டுகின்றன. திரையில் 200 என்று நேர்கோடு ஓடும்போது பெடல்கள் 185-க்கும் 215-க்கும் இடையே ஊசலாடினாலும் அது கோளாறு அல்ல, மனிதக் கால்கள் அப்படித்தான் மிதிக்கின்றன. சில நிமிடங்களின் சராசரியே ஒப்பிடத் தக்கது.

இணைப்புச் சிக்கல்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ப்ளூடூத் வழியாக இணைக்கும்போது சில பயிற்சிச் செயலிகள் இடது பெடலை மட்டும் படித்து, வாட் எண்ணைப் பாதியாகக் காட்டக்கூடும். ஃபவேரோவின் செயலியில் இரு பெடல்களையும் ஒரே சேனலாக அனுப்பும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும். இணைப்பு அடிக்கடி அறுந்தால், வைஃபை ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விளையாட்டுக் கருவிகளை இணைக்கும் கம்பியில்லா முறையான ஆன்ட் பிளஸ், ப்ளூடூத், பெரும்பாலான வீட்டு வைஃபை ஆகிய மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் நெருக்கியடிக்கின்றன. என் வீட்டில் ரூட்டரை அறையின் மறுகோடிக்கு நகர்த்தி, கணினியின் பின்புறம் செருகியிருந்த ஆன்ட் பிளஸ் ஏற்பியை நீட்டிப்புக் கம்பியின் மூலம் பைக்கின் அருகே கொண்டு வந்ததும் துண்டிப்பு நின்றது.

சென்னையில் இருப்பவர்கள் பராமரிப்பில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். கடலோர ஈரப்பதத்தில் மின்விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டினால் பைக்கின் மேல் சொட்டும் வியர்வையின் உப்பு, இருக்கைத் தண்டையும் ஹேண்டில் திருகுகளையும் மெல்ல அரிக்கும். பெடல்கள் தூசும் நீரும் புகாத ஐபி67 தரத்தில் இருந்தாலும், சார்ஜ் செய்யும் காந்த முனைகளில் உப்பு படியவிடக் கூடாது. ஓட்டி முடித்ததும் ஈரத் துணியாலும் பிறகு உலர்ந்த துணியாலும் துடைத்துவிட்டுத்தான் சார்ஜரை ஒட்டவைக்க வேண்டும். இரண்டு பைக்குகளுக்கு இடையே அடிக்கடி மாற்றுபவர்கள் ஒவ்வொரு முறையும் பெடலின் திருகுப் புரிகளில் சிறிது கிரீஸ் தடவ வேண்டும். இடது பெடலின் புரி எதிர்த்திசையில் திருகப்படுவது என்பதை மறந்து பலம் கொடுத்தால் கிராங்கின் புரியே சிதைந்துவிடும். பொருத்திய பிறகு எடை ஏற்றாமல் ஒருமுறை பூஜ்ஜிய அளவுத்திருத்தம் செய்தால் போதும். வெப்பநிலை மாற்றத்தைப் பெடல்கள் தாமே ஈடுசெய்துகொள்கின்றன. ஏசி அறையிலிருந்து வெயில் சாலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி.

ஒரு முறை சார்ஜ் செய்தால் ஐம்பது மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்வது என் அனுபவத்துடன் பொருந்துகிறது. காரில் எடுத்துச் செல்லும்போது அதிர்வால் விழித்துக்கொண்டு மின்சாரம் வீணாகாமலிருக்கப் பயண முறை என்ற அமைப்பும் உண்டு. குறைகளும் இருக்கின்றன. அச்சின் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் உணரிப் பெட்டி சில கிராங்குகளில் உரசும். உடன் வரும் வாஷரைப் போட்டு இடைவெளி விட வேண்டும். காலணியின் அடியில் பொருத்திப் பெடலில் பூட்டும் தகடான கிளீட்டும் லுக் கியோ வகை மட்டுமே. ஷிமானோ கிளீட்டுக்குப் பழகியவர்கள் டுவோ ஷி என்ற வடிவத்தைப் பார்க்கலாம். உணரிகளை அச்சுக்குள்ளேயே அடக்கிய, இதே நிறுவனத்தின் அசியோமா புரோ ஆர்எஸ் 2024-இல் வந்துவிட்டது. பெட்டி துருத்துவது பிடிக்காதவர்கள் அதையே வாங்கலாம்.

விலை குறைவு என்பதற்காக இடது பெடலில் மட்டும் உணரி உள்ள அசியோமா ஊனோவை வாங்க நினைப்பவர்களுக்கு என் கணக்கையே தருகிறேன். என் இடது கால் 47 சதவீதமும் வலது கால் 53 சதவீதமும் பங்களிக்கின்றன. இடதை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் மீட்டர் என் 200 வாட்டை 188 என்று காட்டும். தன் முன்னேற்றத்தை மட்டும் ஒரே பைக்கில் பார்ப்பவருக்கு அது போதும். ஸ்மார்ட் பைக்கின் அளவைச் சரிபார்ப்பதற்காக வாங்குபவர், இரு பக்கமும் அளக்கும் டுவோவைத்தான் வாங்க வேண்டும்.