குளத்துக்கு அரபியில் எந்தச் சொல்?

கிளிநொச்சி இரணைமடுக்குளத்துக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் வயல். கட்டாரில் வேலைசெய்யும் மருமகன் அதைத் தன் அரபு மேற்பார்வையாளருக்குச் சொல்லப்போய், ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்று எழுதிப் போனில் மொழிபெயர்த்திருக்கிறான். வந்த சொல் ‘தப்பாபா’. யுத்த டாங்கி! “உங்கள் வயலுக்கு டாங்கியா தண்ணீர் விடுகிறது?” என்று அந்த மனுசன் கேட்டாராம்.

எங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வயலுக்குக் குளம், வீட்டுக்குத் தாங்கி, ஆமிக்கு டாங்கி. கிளிநொச்சியில் சண்டையில் சரிந்துகிடந்த தண்ணீர்த் தாங்கியைக்கூட யாரும் மாற்றிச் சொன்னதில்லை. ஆங்கிலத்தில்தான் மூன்றுக்கும் ஒரே சொல். 1916இல் களமிறக்கிய கவச வண்டியை முதலில் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி மறைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அரபி அந்தப் பொய்யை வாங்கவில்லை. ‘தப்ப’ என்றால் ஊர்ந்தது. கோட்டை மதிலை நெருங்க முன்னாளில் ஆட்கள் உள்ளே ஒளிந்து நகர்த்திய மூடுவண்டிதான் பழைய தப்பாபா.

சரி, குளத்துக்கு எது? நானும் சவூதியில் சில வருசம் இருந்தவன் என்பதால் யோசித்தேன். ‘பிர்கா’ குட்டை, இரணைமடுவுக்கு அவமானம். ‘ஹவ்ழ்’ தொட்டி, பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் இடம் என்றால் சரி.

‘கஸ்ஸான்’ கொஞ்சம் வலுவானது. சேமித்துவைப்பது என்ற வேரிலிருந்து வந்தது. எகிப்தில் 1902இல் கட்டிமுடித்த பழைய அஸ்வான் அணைக்கே ‘கஸ்ஸான் அஸ்வான்’ என்றுதான் பெயர். ஆனால் தனியே சொன்னால் மொட்டைமாடித் தாங்கியோ பெற்றோல் தாங்கியோதான் கேட்பவர் கண்ணில் நிற்கும். நீர்ப்பாசனம் என்று ஒட்டுச் சேர்க்க வேண்டும். ‘ஸத்’ அணை, குளக்கட்டு வரும், தண்ணீர் வராது.

‘புஹைரா’ ஏரி. கடலுக்கான ‘பஹ்ர்’ என்பதன் குட்டி வடிவம். மாரியில் குளக்கட்டில் ஏறி நின்று பார்த்தவருக்கு அது பொருந்தும். ஆனால் தண்ணீர் திறக்கும் துருசு, மிஞ்சிய தண்ணீர் வழியும் வான், வாய்க்கால் எதுவும் அதில் இல்லை. அஸ்வானிலும் புதிய சுவர் ‘ஸத்’, பின்னால் தேங்கிய தண்ணீர் ‘புஹைரா’. எங்களுக்கோ கட்டு உடைந்தாலும் ‘குளம் உடைஞ்சிட்டுது’, தண்ணீர் ஏறினாலும் ‘குளம் நிரம்பிட்டுது’.

காணிப் பத்திரம் என்றால் நான் கஸ்ஸானைத்தான் எழுதுவேன். ஊர்க்கதைக்குப் புஹைரா போதும் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்னதும் “மீன் இருக்கா?” என்று கேட்டாராம் மேற்பார்வையாளர். ஜப்பான் மீனுக்கு, அதுதான் திலாப்பியாவுக்கு, அரபியில் என்ன என்று இப்போது எனக்குக் கோல் எடுக்கிறான்.