கண் எரிச்சல் சோதனை: மாட்டுக் கார்னியாவா, வளர்த்த திசுவா?

ஒரு வேதிப்பொருள் கண்ணுக்குத் தரும் கடும் பாதிப்பைப் பிடிக்க மாட்டுக் கார்னியாதான் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) என் தேர்வு. திரவம் என்றால் 750 மைக்ரோலிட்டர் விட்டு, 10 நிமிடத்தில் கழுவி, 2 மணி நேரம் கழித்து மங்கலையும் ஃப்ளோரெசின் சாயம் அதன் வழியே கசிவதையும் அளக்க வேண்டும். இரண்டையும் சேர்த்த மதிப்பெண் 55-ஐத் தாண்டினால் வகை 1, அதாவது கண்ணுக்குக் கடும் சேதம். மூன்றைத் தாண்டாவிட்டால் ஆபத்து வகைப்பாடே வேண்டாம். நடுவில் விழுந்தால் இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆல்கஹால், கீட்டோன்களை இது உள்ளதைவிட மோசமாகக் காட்டும்.

சாதுவான பொருள்தான் என்று உறுதிப்படுத்த, வளர்த்த மனிதத் திசு: 50 மைக்ரோலிட்டர், 30 நிமிடம். செல் உயிர்ப்பு 60 சதவீதத்துக்கு மேல் என்றால் வகைப்பாடு தேவையில்லை. உயிர்ப்பை அளப்பது, உயிருள்ள செல்கள் நிறம் மாற்றும் எம்.டி.டி. என்ற சாயத்தால். ஆனால் அந்தச் சாயத்தைப் பொருளே நேரடியாக நிறம் மாற்றினால், செத்த திசுவும் உயிரோடு இருப்பதாகவே தெரியும். கொன்ற திசுவிலும் ஒருமுறை ஓட்டி, அந்தப் போலி நிறத்தைக் கழிக்க வேண்டும்.