மேக்ரோவில் காப்பி எடுக்க: காப்பியா, எல்எம்காப்பியா?

ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் இருக்கும் ஐஎஸ்பிஎஃப் எடிட்டருக்கு, ரெக்ஸ் என்ற ஸ்கிரிப்ட் மொழியில் மேக்ரோ (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) எழுதுபவருக்குக் காப்பி எடுக்க இரண்டு வழி உண்டு. எடிட்டரில் திறந்திருக்கும் மெம்பருக்குள் (டேட்டாசெட் என்ற தொகுப்பில் உள்ள ஒரு கோப்பு) இன்னொரு மெம்பரின் வரிகளைக் கொண்டுவர, 'ஐஎஸ்ஆர்எடிட் காப்பி' என ஆரம்பித்து மெம்பர் பெயர், 'ஆஃப்டர் .இசட்லாஸ்ட்' (கடைசி வரிக்குப் பிறகு) என்று ஒரே வரி போதும். பிடிக்கவில்லை என்றால் கேன்சல் கொடுத்துவிடலாம். ஆனால் சேவ் ஆகும்வரை டேட்டாசெட்டில் எதுவும் மாறாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது வியாசர்பாடியில் மழைக்குக் கரண்ட் போய் செஷன் அறுந்தால், எடிட்டரின் ரெக்கவரி (அறுந்த எடிட்டை மீட்கும் வசதி) ஆனில் இல்லாத பட்சத்தில் சேர்த்ததெல்லாம் போய்விடலாம்.

எல்எம்காப்பி வேறு ரகம். எடிட்டரைத் தொடாமல் டேட்டாசெட்டிலிருந்து டேட்டாசெட்டுக்கு நேரே போகும். மெம்பர் இடத்தில் நட்சத்திரம் போட்டால் எல்லா மெம்பரும் போகும். முதலில் எல்எம்இனிட் மூலம் இரு பக்க டேட்டாசெட்டுக்கும் ஐடி வாங்க வேண்டும், முடிந்ததும் அதை விடுவிக்க எல்எம்ஃப்ரீ. 'ரீப்ளேஸ்' போடாவிட்டால் அங்கே இருக்கும் அதே பெயர் மெம்பர் மாறாது. போட்டால் கேட்காமலே மேலெழுதிவிடும். "காப்பி பண்ணேண்ணே, பழசுதான் இருக்கு" என்று டீமில் தம்பி யாராவது வந்தால் முதலில் 'ரீப்ளேஸ்' இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் ரிட்டர்ன் கோடு (கட்டளை முடிந்ததும் தரும் முடிவு எண்).

நாலு வரி ஹெடர் சேர்க்க எல்எம்காப்பியைத் தேடுபவருக்குப் பொறுமை அதிகம். மொத்த லைப்ரரியை நகர்த்த என்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.