குறிப்பேட்டுக்குள் வாலட்டா, வாலட்டுக்கு வெளியே குறிப்பேடா?

வேலூர் சத்துவாச்சாரியில் ஆடிட்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, இந்தப் பிட்காயின் எந்தத் தேதியில், என்ன விலைக்கு உங்கள் கைக்கு வந்தது?" பிட்காயின் சாவியை வைத்திருக்கும் மென்பொருளான வாலட்டைத் திறந்து காட்டினேன். தேதி இருந்தது, எவ்வளவு காயின் என்று இருந்தது. ரூபாய்க் கணக்கு இல்லை, எந்த வேலைக்கு வந்த கூலி என்றும் இல்லை. "பால்காரர் நோட்டில்கூட இதைவிட விவரம் இருக்குமே" என்றார்.

அவர் சலித்துக்கொண்டதில் நியாயம் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி. கழித்துக்கொள்ள விடுவது வாங்கிய விலையை மட்டும். ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் சரிக்கட்டவும் முடியாது. வருமான வரிப் படிவத்தில் கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்துகளுக்கான விடிஏ அட்டவணை ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை என்று வரிசையாகக் கேட்கிறது. இது எதையும் எழுதிவைக்காதவன் ஆடிட்டர் முன்னால் விழிக்க வேண்டியதுதான்.

குறிப்பெழுத நான் பல வருடமாக வைத்திருப்பது டிட்லிவிக்கி. ஜெரெமி ரஸ்டன் 2004-இல் வெளியிட்டது. எழுதும் குறிப்பும் அதை இயக்கும் நிரலும் ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் அடங்கிவிடும். எந்த உலாவியிலும் இணையமின்றித் திறக்கும். பிட்காயின் சாவி (காயினைச் செலவழிக்க வேண்டிய ரகசிய எண்) உருவாக்கும் பிட்அட்ரஸ் என்ற இணையப் பக்கமும் இதே சாதிதான். ஒற்றைக் கோப்பு, சேமித்துவைத்து இணையத்தைத் துண்டித்துவிட்டு மவுஸை அங்குமிங்கும் ஆட்டினால், அந்த ஆட்டத்திலிருந்தும் தற்செயல் எண்களைத் திரட்டிச் சாவி செய்து தரும். இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்று தோன்றாமல் இருக்குமா? ஒன்றாக்கினேன். சாவி ஒரு குறிப்பில், அதன் வரவுகள் அடுத்தடுத்த குறிப்புகளில், மொத்தக் கோப்புக்கும் ஒரு கடவுச்சொல். எட்டு மாதம் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பில் அச்சடிக்கப் பென்டிரைவைக் கொடுத்தேன். கடைப் பையனுக்குக் கோப்பு அகப்படவில்லை. பென்டிரைவில் இருந்த அத்தனையையும் இழுத்துத் தன் கணினியின் முகப்பில் போட்டுத் தேடினான். என் குறிப்பேடும் அங்கே போய் உட்கார்ந்தது. அழிக்கச் சொன்னேன், அழித்தான். குப்பைத்தொட்டியைக் காலி செய்தானா என்று கேட்க எனக்குத்தான் கூச்சம்.

வீட்டுக்கு வந்து என் மடிக்கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். அங்கே அதே கோப்பு, பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண்ணோடு, 61 நகல். இரண்டையும் பிரிக்கும் முடிவை அந்த எண்தான் எடுத்தது.

உலாவி எந்தப் பக்கத்தையும் தன் சொந்தக் கோப்பின் மேலேயே சும்மா எழுத விடாது. முன்பு ஃபயர்ஃபாக்ஸுக்கு டிட்லிஃபாக்ஸ் என்றொரு நீட்சி இருந்தது. 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு வந்ததும் அது படுத்துவிட்டது. டிமிமி, டிட்லிடெஸ்க்டாப் என்று மாற்று வழிகள் உண்டு. ஆனால் எதையும் நிறுவாதவனுக்கு ஒவ்வொரு முறை 'சேமி' அழுத்தும்போதும் புதிய நகல் இறங்கும். குறிப்புக்கு இது வரம்: நேற்று அழித்ததை முந்தாநாள் நகலில் பார்த்துக்கொள்ளலாம். சாவிக்கு இதுவே சாபம். மளிகைக் கணக்கில் ஒரு வரி திருத்திச் சேமித்தாலும் சாவி இன்னொரு பிரதியாகிறது. கடவுச்சொல்லை மாற்றலாமே என்றால், மாறுவது இனி சேமிக்கும் கோப்பு மட்டும். முன்னால் இறங்கிய 61-ம், பென்டிரைவில் இருப்பதும், ஜெராக்ஸ் கடையில் இருக்கக்கூடியதும் பழைய கடவுச்சொல்லுக்கே திறக்கும். ஒரு நகல் கையில் கிடைத்தவன் அவசரமில்லாமல் எத்தனை லட்சம் முறை வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்கலாம். போதும் நிறுத்து என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கடைசியில் புதிய சாவி உருவாக்கி, கட்டணம் செலுத்திக் காயின்களை அங்கே மாற்றினேன்.

போதாததற்கு, செருகுநிரல் என்று எதைச் சேர்த்தாலும் அது அந்தப் பக்கத்தின் எல்லாக் குறிப்பையும் படிக்கலாம். சாவிக் குறிப்பு மட்டும் விலக்கல்ல.

இப்போது இரண்டும் தனித்தனி. வைஃபை அணைத்த பழைய மடிக்கணினியில் எலக்ட்ரம் என்ற வாலட் மென்பொருள். சாவி அங்கே மட்டும். தினமும் திறக்கும் டிட்லிவிக்கியில் எக்ஸ்பப் எனப்படும் பொதுச்சாவி (வரவைப் பார்க்க உதவும், செலவழிக்க உதவாது), வரவுக்கு ஒரு குறிப்பு, அதில் தேதி, காயின், அன்றைய ரூபாய் மதிப்பு, வேலையின் பெயர். கூட்டிக் காட்டுவதையும் அதுவே செய்கிறது. எங்கள் ஊரை அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்பார்கள் (கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார்). என் குறிப்பேடும் இன்று அரசன் இல்லாத கோட்டைதான். சுற்றிப் பார்க்கலாம், கொள்ளையடிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் எக்ஸ்பப்பை ஊரெல்லாம் காட்டக்கூடாது. அது கிடைத்தவருக்குக் காயின் வந்து சேரும் என் எல்லா முகவரியும் இருப்பும் தெரியும். அதோடு ஒரே ஒரு முகவரியின் ரகசியத் தனிச்சாவியும் சேர்ந்து வெளியே போனால், பெரும்பாலான வாலட்டுகளில் அந்த இரண்டையும் வைத்து மற்ற முகவரிகளின் சாவிகளையும் கணக்கிட்டுவிட முடியும். எனவே தனிச்சாவி எதையும் நான் வெளியே எடுப்பதில்லை.

சாவியைத் தனக்குள் பூட்டிவைக்கும் லெட்ஜர் போன்ற கருவியை நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு வாரம்தான் பார்த்தேன். மூன்று முறை பின் எண் தவறினால் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. என் கோப்புக்கு அந்தச் சமர்த்து இல்லை. பெரிய தொகை என்றால் அதுவே மேல் என்று தோன்றுகிறது, ஆனால் இரண்டு வாரப் பழக்கத்தில் தோன்றுவது அவ்வளவுதான். தாள் பற்றி ஒரு வார்த்தை: பில் மெஷினின் தெர்மல் தாளில் மீட்புச் சொற்களை (வாலட் தொலைந்தால் சாவியைத் திரும்பப் பெற உதவும் சொற்கள்) அச்சிடாதீர்கள். வேலூர் வெயிலில் அது எழுத்தை வைத்துக்கொள்ளாது. பேனாவால் எழுதுங்கள்.

சொற்கள் மட்டும் போதாது என்பதும் இந்தப் பிரிவினையில்தான் உறைத்தது. எலக்ட்ரம் தானே தரும் 12 சொற்கள் பல வாலட்டுகள் பொதுவாகப் பின்பற்றும் பிஐபி39 முறையைச் சேர்ந்தவை அல்ல. வேறு பல வாலட்டுகளில் போட்டால் ஏற்காது. அதனால் குறிப்பேட்டில் 'நான் இல்லாவிட்டால்' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன்: எந்த மென்பொருள், எந்த மடிக்கணினி, ஆடிட்டர் யார். தாள் இருக்கும் இடம் அதில் இல்லை. அது என் மனைவிக்குத் தெரியும். போன வாரம்தான் மறுபடி ஒருமுறை எடுத்துக் காட்டச் சொன்னேன், காட்டினாள்.