ரெசின் பிரிண்டர்: காய்ந்த பிறகுதான் தலைவலி

ரெசின் பிரிண்டர் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று காட்பாடி நண்பர் கேட்டார். "காய்ந்துவிட்டால் வெறும் பிளாஸ்டிக்தானே, பையன் கையில் கொடுக்கலாம் இல்லையா?" என்று கூடவே ஒரு கேள்வி. திரவ ரெசினை (ஒரு வகைப் பிசின்) ஒளியால் அடுக்கடுக்காக இறுக வைத்துப் பொம்மை செய்கிற 3டி பிரிண்டர் அது; அப்படி இறுகுவதைத்தான் காய்வது என்கிறோம். அவர் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

திரவ ரெசினைப் பற்றி எல்லோரும் எச்சரித்துவிட்டார்கள். தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் லேசில் போகாது, அதனால் நைட்ரைல் கையுறை கட்டாயம். அச்சிட்ட பொம்மையைக் கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவிலேயே பாலாறு பட்டது போதும்.

முழுசாகக் காய்ந்த பொம்மையைத் தொடுவதில் பயமில்லை. வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கு மட்டும் வேண்டாம். ஆனால் முழுசாகக் காய்ந்ததா என்பதை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இணையத்தில் இறக்கிய ஒரு யானை, உள்ளே வெற்றுக்கூடு, மீதி ரெசின் வடிவதற்குத் துளை கிடையாது. பல மாதம் ஷோகேஸில் நின்றது. ஒரு நாள் பின்னங்காலில் விரிசல் விட்டு, பிசுபிசுவென்று காயாத ரெசின் கண்ணாடித் தட்டில் வழிந்திருந்தது. துளை இல்லாத மாடலை இப்போதெல்லாம் நான் அச்சிடுவதே இல்லை.

அதைக்கூட மன்னிக்கலாம். தூசியை மன்னிக்க முடியவில்லை. வேலூர் கோட்டைக் கோயில் கல்யாண மண்டபத் தூண் யாளி ஒன்று செய்கிறேன். வயிற்றுப் பக்கம் முழுக்க சப்போர்ட் (அச்சாகும்போது பொம்மையைத் தாங்கும் குச்சிகள்) வெட்டிய முள் முள்ளான தழும்புகள். உப்புத்தாளை எடுத்து உலர்வாகத் தேய்த்தால் மாவு மாதிரி வெள்ளைத்தூள் பறந்து வியர்வைக் கையில் ஒட்டிக்கொள்ளும். மூக்குக்குள் எவ்வளவு போகிறதோ! சரியாகக் காயாத இடமென்றால் அந்தத் தூளில் வினைபுரியாத ரெசினும் சேர்ந்தே இருக்கும். அதனால் தண்ணீரில் வேலை செய்கிற உப்புத்தாள்தான். தட்டில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெதுவாகத் தேய்க்க வேண்டும். பால் போல் வருகிற கசடைப் பழைய செய்தித்தாளில் துடைத்து, வெயிலில் உலர்த்தி, குப்பையில் போட வேண்டும். என்95 மாஸ்க்கும் உண்டு. மே மாத வேலூரில், ஃபேன் போட்டால் தூள் பறக்கும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு, மாஸ்க்கோடு உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

நம் ஊர் வெயிலுக்கு நன்றியும் சொல்ல வேண்டும். புற ஊதா விளக்குப் பெட்டிக்குத் தனியாகக் காசு போடவில்லை. ஆல்கஹால் நன்றாக உலர்ந்ததும் கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் பொம்மையை மூழ்க வைத்து மொட்டை மாடியில் வைத்துவிடுவேன். காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் மேற்பரப்பைக் காயவிடாமல் தடுக்கிறது. தண்ணீருக்குள் அந்தப் பிசுபிசுப்பு பெரும்பாலும் போய்விடும். மறந்து நாள் முழுக்க விட்டால் மஞ்சளடித்து, காது மூக்கெல்லாம் ஒடியும்.

யாளியின் பல் வரிசை, பிடரிச் சுருள் எல்லாம் அப்படியே வருகிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் பிரிண்டரில் இது கனவிலும் நடக்காது. மெஷினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் இன்றைக்கு என்னைக் கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மழை பெய்து கொஞ்சம் குளிர்ந்த பிறகு கேளுங்கள், பதில் மாறலாம்.